ராக்கெட்டுக்கு அம்மா பேசிய கன்னடம்

காலையில் மைதானத்துக்கு நடக்க வருகிற என் வயசுக்காரர்களே, நேற்று நான் பாதிச் சுற்றில் நின்றுவிட்டதை எல்லாரும் பார்த்தீர்கள். மூட்டு பிடித்துக்கொண்டது என்று நினைத்து உங்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டினார். மூட்டு இல்லை. அந்த ஓரத்தில் ஒரு கல்லூரிப் பெண் லாப்ரடார் நாயோடு நின்றிருந்தாள். பந்தை வீசினாள். நாய் பாய்ந்து போய்க் கவ்வியது. கவ்விக்கொண்டு மைதானம் பூராவும் ஓடியது, அவளிடம் மட்டும் வரவில்லை. அவள் "கம், கம்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். எனக்குக் கால் பரபரத்தது. "வீசறதுல ஆரம்பிக்காதம்மா, வாயில ஆரம்பி" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல ஒரு காலை போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதும்போதும் உட்கார முடியவில்லை. இதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். எங்கள் வீடு மாரண்டஹள்ளியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால். அப்பா தக்காளியும் முட்டைக்கோஸும் லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்புகிறவர். வீட்டுக்குள் எந்நேரமும் நசுங்கிய தக்காளி வாசனை. காற்று திரும்பினால் பக்கத்துப் பட்டுப்பண்ணையிலிருந்து மல்பெரித் தழை வாசனை. அந்தப் பண்ணை ஆபீசர் ஒரு அல்சேஷன் வளர்த்தார். அது ஊர் நாயோடு சேர்ந்து குட்டி போட்டுவிட்டது. ஆபீசருக்கு அவமானம். அண்ணனுக்கு அதிர்ஷ்டம். ஒரு குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு காது விறைப்பாக நிற்கும், இன்னொன்று மடிந்தே கிடக்கும். ராக்கெட் என்று பேர் வைத்தான். அப்பாவுக்கு அது ராக்கட்டு.

அண்ணன் ஒன்பதாவது. புத்தகம் திறந்தால் கொட்டாவி விடுவான், நாயோடு என்றால் விடிகாலையில் எழுந்துவிடுவான். தை மாசம் ஓசூரில் நாய்ப் போட்டி நடக்கும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அழகுக்கு ஒன்று, கீழ்ப்படிவதற்கு ஒன்று. இரண்டாவதற்கு எந்த நாயும் வரலாம். அதில் பெரிய பரீட்சை, கட்டை எடுத்து வருவது. இரண்டு முனையும் தடித்து நடுவில் கைப்பிடி மாதிரி ஒல்லியாக இருக்கும் ஒரு மரக்கட்டை. நாய் நம் இடது காலோரம் உட்கார வேண்டும். நாம் கட்டையை வீசும்போது அசையக் கூடாது. போ என்றால்தான் போக வேண்டும். நேராகப் போய்க் கவ்வி, மெல்லாமல் கடிக்காமல், நேராகத் திரும்பி வந்து நம் முன்னால் உட்கார வேண்டும். நாம் கேட்கிறவரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் விட வேண்டும். எழுதினால் ஆறு வரி. பழக்கினால் ஆறு மாசத்திலும் வராது.

வண்டிப் பட்டறையில் அண்ணன் ஒரு கட்டை கடைந்து வாங்கினான். வாங்கியதும் வீசினான். ராக்கெட் வேகமாகப் போகும், கவ்வும், பாதி வழியில் படுத்துக்கொண்டு கரும்பு மாதிரி கடிக்கும். கிட்டே போனால் எடுத்துக்கொண்டு ஓடும். ஆபீசர் ஒரு வழி சொன்னார். "காதத் திருகுடா. வலிச்சா வாயத் தொறக்கும், அப்ப கட்டைய வையி. எல்லாரும் அப்படித்தான் பழக்கறாங்க." அண்ணன் ஒரே ஒரு தடவை செய்தான். நாய் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். அன்றைக்கு அண்ணன் சோறு வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு காதைத் தொடவில்லை. கட்டையும் ஒழுங்காக வரவில்லை. "ஃபெட்ச்! கிவ்! ஹீல்!" என்று அவன் கத்துவது மட்டும் தெருமுனை வரை கேட்கும். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்ப்பாள். பார்க்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது.

காலாண்டுப் பரீட்சை மார்க் வந்த அன்று அப்பாவின் ஒரு லோடு தக்காளி வழியில் அழுகிப் போயிருந்தது. அவர் மண்டியிலிருந்து வரும்போது அண்ணன் கொல்லையில் கட்டையோடு நின்றிருந்தான்.

"கட்டைய நாயி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? நீ என்னத்தடா எடுத்த?" என்றார். அறைந்தார். கட்டையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். "நாளைக்கு லோடுல இந்த ராக்கட்டும் போவுது" என்றார்.

மறுநாள் காலையில் அண்ணன் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான். சாயங்காலம் வரவில்லை. பை சைக்கிள் கடையில் இருந்தது. ஓசூர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தெரிந்தது. அப்பா அன்றைக்கே ஓசூர் போய்த் தேடினார். போலீசிலும் சொன்னார். "பசங்க அப்படித்தான் ஓடுவாங்க, கையில காசு தீந்தா வந்துருவாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

நாயை லோடில் அனுப்பும் பேச்சை அப்பா திரும்ப எடுக்கவில்லை. யாருமே எதையும் எடுக்கவில்லை. ஐப்பசி மழை வேறு. அந்த வீட்டில் அதன் பிறகு ஒருவரும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. அப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்து செருப்பு மாட்டுவார். அம்மா கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவாள். நான் நகத்தைக் கடித்துச் சதைக்கு வந்துவிட்டேன். ராக்கெட் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே போட்டுவிட்டது.

ஒரு நாள் தண்ணீர் சேந்தப் போன அம்மா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கட்டை மிதந்துகொண்டிருந்தது. மரம்தானே. வாளியைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பிடித்து மேலே எடுத்தாள். ஊறிப்போய்க் கறுத்திருந்தது. சேலையில் துடைத்தாள், வெயிலில் வைத்தாள், மேகம் வந்தால் அடுப்போரம் வைத்தாள்.

பட்டுப்பண்ணை ஆபீசருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் வாசலிலேயே நின்று, "உங்க பையன் போட்டிக்குப் பேர் குடுத்திருந்தாம்மா, பாவம்" என்றார்.

"குடுத்துட்டானுங்களா?"

"ஆமா. தை மாசம். நானே அனுப்பி வச்சன்."

"அப்ப வந்துருவான்" என்றாள் அம்மா. நல்லவேளை பால் இருக்கிறது, காப்பி போடலாம் என்கிற மாதிரிக் குரல். ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன்.

மறுநாளே ஆரம்பித்தாள். கொல்லையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ராக்கெட்டை முன்னால் இழுத்தாள். "உங்க அண்ணன் செஞ்ச தப்பு என்ன தெரியுமா? தூர வீசிட்டான். வாயிலயே நிக்காதது கைக்கு எங்கிருந்து வரும்?" என்றாள். நாயின் வாயை மெல்லத் திறந்து, கட்டையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, தாடைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். "ஹிடி" என்றாள். பிடி என்பதற்குக் கன்னடம். ராக்கெட் துப்பியது. திரும்ப வைத்தாள். துப்பியது. ஒரு மூச்சு நேரம் நின்றதும் "கொடு" என்று தானே எடுத்துக்கொண்டு, ஒரு கிள்ளு களி ஊட்டினாள். களி அதன் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அது வாயைச் சப்பிக்கொண்டே நின்ற கோலத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு. மறுநாளிலிருந்து களிக்குப் பதில் கருவாட்டுத் துண்டு.

அம்மாவுக்குப் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். கோபத்திலும் அசதியிலும் மட்டும் கன்னடம் வரும். நாய்க்கு ஏன் என்று கேட்டேன். அண்ணன் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை எல்லாம்தான் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியுமே.

"அது அவன் வார்த்தடி. நான் சொல்லிச் சொல்லித் தேச்சுட்டன்னா, அவன் வரும்போது எதச் சொல்லுவான்?"

இப்படித்தான் ராக்கெட்டுக்கு உட்கார் என்பது கூத்கோ ஆயிற்று. போ என்பது ஹோகு. வா என்பது பா.

கார்த்திகை முழுக்க வாயிலேயே போயிற்று. கட்டையை வைத்துக்கொண்டு உட்காரும், பிறகு வைத்துக்கொண்டு நிற்கும், பிறகு நடக்கும். பெரிய தொல்லை எது என்றால், அம்மா கை நீட்டியதுமே கருவாடு வருகிறது என்று கட்டையைக் கீழே போட்டுவிடும். அதற்கு அவள் கண்ட வழி: கை நீட்டுவாள், கட்டையைத் தொடுவாள், எடுக்க மாட்டாள். தொட்டும் விடாமல் பிடித்திருந்தால்தான் கருவாடு. கருவாட்டு டப்பா என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நாய்க்குக் குழப்பமான குழப்பம். பிறகு ஒரு நாள் புரிந்துகொண்டது. அம்மா தலையைத் தடவினாள், மோவாயைத் தட்டினாள், கட்டையை இலேசாக ஆட்டினாள். அது அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தது. மடிந்த காதுகூட அன்றைக்குக் கொஞ்சம் எழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

அதற்கப்புறம்தான் முகத்துக்கு எதிரில் நீட்டி எட்டிக் கவ்வச் சொன்னாள். பிறகு தரையில். பிறகு இரண்டடி தள்ளி. வீசியது கடைசியில். வீசினால் சொல்வதற்கு முன்னாலேயே பாயும். அதற்காக வீசிவிட்டு நாயை அனுப்பாமல் என்னை அனுப்புவாள். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். ராக்கெட் உடம்பெல்லாம் நடுங்க உட்கார்ந்து என்னைப் பொறாமையோடு பார்க்கும். மார்கழிப் பனியில் காலில் ஈரம் ஏற, நான் எடுத்து வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒரு நாள் பழக்க தோஷத்தில் அம்மா முன்னால் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "கொடு" என்று வாங்கிக்கொண்டு எனக்கும் ஒரு கருவாடு கொடுத்தாள்.

சத்தத்திலும் கூட்டத்திலும் பழக வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். பாலக்கோட்டு பஸ், ஓசூர் பஸ், காய்க் கூடைகள், டயர் புழுதி. நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை மரக்கட்டையை வீசிக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? "புள்ள போன ஏக்கத்துல கழண்டுபோச்சு" என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நானும் பயந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஓசூர் பஸ் வரும் நேரத்துக்குத்தான் நாங்கள் போவோம். ஆட்கள் இறங்கும்போது அம்மா வீச மாட்டாள். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் "ஹோகு" வரும்.

அப்பாவைப் பற்றி அம்மா அப்போது கசந்துதான் பேசுவாள். "வூட்ல இருந்தா மனசு குத்துது, அதான் லோடு லோடுனு ஓடிடறாரு." நிஜமாகவே அவர் டிரைவரோடு தானும் ஏறி வாரத்துக்கு நாலைந்து நாள் பெங்களூர் போனார். வந்தால் பேச மாட்டார். அந்த லாரி டிரைவர் வெகு காலம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னார்: லோடு இறக்கியதும் அப்பா மார்க்கெட்டைச் சுற்றியிருக்கிற ஓட்டல் ஒவ்வொன்றின் பின்பக்கமும் போய், தட்டுக் கழுவுகிற பையன்களின் முகத்தைப் பார்ப்பாராம். ஒரு ஓட்டலில் திருடன் என்று நினைத்துப் பிடித்துத் தள்ளிவிட்டார்களாம். அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாசங்கள் இருவருக்கும் கொஞ்சம் லேசாகப் போயிருக்கும்.

போட்டி நாள் வந்தது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். எப்படிப் போவது என்று அம்மா கேட்கவே இல்லை; கட்டையைப் பைக்குள் வைத்து, சாயம் போகாத ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். அப்பா வாசலிலிருந்து, "லாரி நிக்குது, வாங்க" என்றார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நானும் நாயும். முன்னால் அவர்கள் இருவரும். கேபின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஓசூர் வரைக்கும் இருவரும் பேசவில்லை.

ஒரு பள்ளிக்கூட மைதானம். சுற்றிலும் உயரமான காம்பவுண்டுச் சுவர், ஒரே ஒரு கேட். உள்ளே சாமியானா, மைக், காரில் வந்த நாய்கள். அப்பா உள்ளே வரவில்லை. "நீங்க போங்க" என்று கேட்டிலேயே நின்றுகொண்டார். போட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு.

மைக்கில் அண்ணன் பேரைக் கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது தடவைக்கு ராக்கெட்டைக் கூட்டிக்கொண்டு நடுவில் போனாள். மீசைக்கார நடுவர், "பையன் எங்கம்மா?" என்றார்.

"வருவான் சார். அதுக்குள்ள நான் செஞ்சுடறன்."

வீசினாள். ராக்கெட் அசையவில்லை. "ஹோகு." நூல் பிடித்த மாதிரி போனது. கவ்வியது. மெல்லவில்லை. திரும்பி வந்தது, அவள் முன்னால் நேராக உட்கார்ந்தது. இனி "கொடு" என்று சொல்லி வாங்க வேண்டியதுதான். அம்மா சொல்லவில்லை.

அவள் நாயைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியானா பக்கம், படிக்கட்டுப் பக்கம், கார்கள் நின்ற பக்கம். மெதுவாக உடம்பைத் திருப்பி முழு வட்டமும். ராக்கெட் அவள் திரும்பத் திரும்பத் தானும் எழுந்து அவள் முன்னால் வந்து வந்து உட்கார்ந்தது. எச்சில் கட்டையிலிருந்து நூலாக இறங்கியது. விடவில்லை. கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றோரம் தவித்தேன்.

"அம்மா, வாங்கிக்கங்க" என்றார் நடுவர், தணிவாக.

"கொடு" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. ராக்கெட் விட்டது.

பரிசு சொல்லும் வரை நாங்கள் இருக்கவில்லை. கேட்டில் அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். அவ்வளவுதான். திரும்பும்போது இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எனக்குக் கேட்கவில்லை.

அண்ணன் அடுத்த வருஷம் மாம்பழக் காலத்தில் தானாகவே வந்து நின்றான். பெங்களூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை கற்றிருந்தான். அப்பாவைவிட உயரமாகியிருந்தான். யாரும் திட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. ராக்கெட் அவனைக் கீழே தள்ளி மேலே ஏறி முகமெல்லாம் நக்கியது. அவன் "சிட்" என்றான், அது விழித்தது. அம்மா ஒவ்வொரு கன்னட வார்த்தையாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் ஏனோ சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. வாரக் கடைசியில் வேலைக்குத் திரும்பிவிட்டான். அதிலிருந்து வருவான், போவான். சொந்தமாக ஷெட் போட்டான், கல்யாணம் செய்தான். எங்கேயும் நிலையாக உட்கார மாட்டான், இப்பவும் அப்படித்தான்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். ராக்கெட் போய்ப் பல வருஷம் ஆன பிறகு, தர்மபுரியில் இந்த வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில். அண்ணன் என் பிள்ளைகளுக்கு ஓடிப்போன கதையைத் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த நாய்ப் போட்டிக்குக்கூட வந்தன்டா நானு. பாத்தா உங்க தாத்தா கேட்டுல நிக்கறாரு, எமன் மாதிரி! புடிச்சா தோல உரிச்சுருவாருனு சொவத்துக்கு வெளிய செங்கல் அடுக்கியிருந்ததுல ஏறி நின்னு பாத்தன். உங்க பாட்டி ராக்கெட்டுக்கிட்ட கன்னடத்துல பேசறா! அதுவும் அப்படியே கேக்குது! சரிதான், என் நாயி இல்ல இது, நம்ம இடத்த ரொப்பிட்டாங்கனு, அது திரும்பி வர்றதுக்குள்ள எறங்கிப் பெங்களூர் பஸ் ஏறிட்டன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவின் கை நின்றுவிட்டது.

அப்பாதான் முதலில் பேசினார். "நீ கேட்டு வழியாத்தான் வருவன்னு நெனச்சன்" என்றார்.

அண்ணனின் சிரிப்பு அங்கேயே நின்றது. பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னேன்.

"எந்தப் பக்கச் செவுரு?" என்றாள் அம்மா.

"அது எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுடா. எந்தப் பக்கம்? நான் சுத்தியும்தான பாத்தன்."

அவன் தரையில் உட்கார்ந்தான். அவரைத் தோலை எடுத்து நாலு பக்கமும் சுவர் வைத்தான். ஒரு இடைவெளி விட்டு, இது கேட்டு என்றான். சாமியானாவுக்கு ஒன்று. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து, நடுவில் ஒரு கொட்டையை வைத்தாள். "நான் இங்க நின்னன்." அதற்கு முன்னால் இன்னொரு கொட்டை. "ராக்கெட் இங்க." அப்பா நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு இறங்கி வந்து, ஒரு தோலைத் தேர்ந்தெடுத்துக் கேட்டில் வைத்தார். அண்ணன் கையில் ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு வெகு நேரம் உருட்டினான். அப்புறம் சுவருக்கு வெளியே, அம்மாவுக்கு நேர் பின்பக்கம் வைத்தான்.

அம்மா தன் கொட்டையிலிருந்து அவன் கொட்டை வரைக்கும் விரலை நகர்த்தினாள். திரும்ப நகர்த்தினாள்.

"இவ்ளோ கிட்டயா?" என்றாள்.